ஐம்பதா, ஐம்பத்தெட்டா, அறுபதா?
பி.எஃப். பென்ஷனை எப்போது கேட்பது

பென்னாகரம் பக்கம் பென்ஷன்காரர் என்றால் ஓய்வுபெற்ற வாத்தியாரையோ போலீஸ்காரரையோதான் சொல்வார்கள். அதற்கடுத்து, மாதம் 1,200 ரூபாய் ஓ.ஏ.பி. என்கிற முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டிமார். இந்த இரண்டுக்கும் நடுவே, தங்களைப் பென்ஷன்காரர்களாக நினைத்தே பார்க்காத ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. இருபது வயதில் ஓசூர் சிப்காட்டுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறியவர்கள். மாதாமாதம் பி.எஃப். பிடித்தம் போக மீதிச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பியவர்கள். ஐம்பதை ஒட்டி முழங்கால் வலியோடு ஏரியூருக்கோ பெரும்பாலைக்கோ திரும்பி, இரண்டு மாடு, கொஞ்சம் கேழ்வரகு, கொஞ்சம் நிலக்கடலை என்று உட்கார்ந்துவிட்டவர்கள். இந்த அத்தியாயம் அவர்களுக்கானது.

அவர்களுடைய பென்ஷனுக்குப் பெயர் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், 1995. அந்த ஆண்டு நவம்பர் 16-ல் நடைமுறைக்கு வந்ததால் ‘இ.பி.எஸ். 95’ என்பார்கள். இந்தத் திட்டத்தில்தான், எந்த வயதில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சாகும்வரை வாங்கும் தொகை மாறுகிறது.

அரசு ஊழியர்களுக்கு இந்தத் தலைவலி அவ்வளவாக இல்லை. தமிழ்நாட்டில் அவர்களுடைய ஓய்வு வயது 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60 ஆனது. விருப்ப ஓய்வில் போனால் ஒழிய, வயதைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவர்களுக்கு இல்லை. அவர்கள் கேட்க வேண்டியது எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தோம் என்பதை. 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன். பின்னால் சேர்ந்தவர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார். அவர்களுக்காக 2026 ஜனவரி 3 அன்று கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதமும் அதன்மேல் அகவிலைப்படியும் என்று உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் ஒன்றை மாநில அரசு அறிவித்தது. அகவிலைப்படி என்ற அந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். அது அவர்களுக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. இனி வரும் கணக்கெல்லாம் அதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

பாஸ்புக்கின் மூன்றாவது பத்தி

உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் உங்களிடம் பிடிக்கிறார்கள். அதே அளவு முதலாளியும் போடுகிறார். உங்கள் 12 முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. முதலாளியின் 12-ல் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போய்விடும், மீதி 3.67 மட்டும் உங்கள் பி.எஃப்.-க்கு வரும். மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் பென்ஷன் நிதியில் சேர்க்கிறது. 2014 செப்டம்பர் 1 முதல் இந்தக் கணக்குக்குச் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். நீங்கள் 30,000 வாங்கினாலும் பென்ஷன் நிதிக்குப் போவது 15,000-க்கான 8.33 சதவீதம், அதாவது மாதம் 1,250 ரூபாய்தான். 2001 ஜூன் முதல் 2014 வரை அந்த வரம்பு 6,500.

பாஸ்புக்கைத் திறந்தால் மூன்றாவது பத்தியில் இந்த 1,250 தெரியும். பலரும் அதைக் கூட்டிப் பார்த்து, ‘என் பென்ஷன் பணம் இவ்வளவு இருக்கிறது’ என்கிறார்கள். அப்படி இல்லை. அந்தப் பத்திக்கு வட்டி ஏறாது, உங்கள் பெயரில் தனி உண்டியலும் கிடையாது. எல்லாத் தொழிலாளியின் பணமும் ஒரே பொதுநிதியில் விழுகிறது. உங்களுக்கு வர வேண்டியதைத் தீர்மானிப்பது ஒரு வாய்பாடு: பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் என்பது இங்கே கடைசி 60 மாதச் சராசரி. 2014-க்கு முன்பு அது கடைசி 12 மாதச் சராசரியாக இருந்தது.

இணையக் கணக்குப்பொறிகளும் சில ப்ரௌசிங் சென்டர்களும் ஓர் இடத்தில் ஏமாற்றிவிடும். 2008 செப்டம்பரில் சேர்ந்து 2026 ஆகஸ்டில் 58 வயதை முடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 18 ஆண்டு சர்வீஸ், சம்பளம் எப்போதும் உச்சவரம்புக்கு மேல். 15,000-ஐ 18-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 3,857 என்று வரும், அதைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் 2014 ஆகஸ்ட் வரையான சர்வீஸுக்கு 6,500 வரம்பும் அதன் பிறகுக்கு 15,000 வரம்பும் தனித்தனியாகப் போட வேண்டும் என்பது விதி. முதல் 6 ஆண்டுக்கு 557 ரூபாய், பின் 12 ஆண்டுக்கு 2,571 ரூபாய், ஆக மொத்தம் 3,128. எழுநூறு ரூபாய்க்கு மேல் குறைகிறது. பணம் வந்த பிறகு ‘குறைத்துவிட்டார்கள்’ என்று அலைவதைவிட இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

20 ஆண்டு சர்வீஸ் முடித்து 58 வரை இருப்பவருக்கு 2 ஆண்டு கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். பத்தொன்பதாவது ஆண்டில் சூப்பர்வைசரோடு சண்டை போட்டு வேலையை விட நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

பத்தாண்டுக் கோடு

எந்த வயதில் கேட்பது என்பதற்கு முன்னால், கேட்க உரிமை இருக்கிறதா என்ற கேள்வி இருக்கிறது. குறைந்தது 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஓர் ஆண்டாக எடுத்துக்கொள்வதால், ஒன்பதரை ஆண்டு இருந்தாலே கோட்டைத் தாண்டியாயிற்று.

நம் பக்கத்து ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கம்பெனியை விட்டு வந்த சில மாதங்களில் வீட்டில் ஒரு கல்யாணமோ போர்வெல் செலவோ வரும். ப்ரௌசிங் கடைக்குப் போய், “அண்ணா, பி.எஃப். பணத்தோட பென்ஷன் பணத்தையும் எடுத்துக் குடுத்துடுங்க” என்பார்கள். கடைக்காரர் பி.எஃப். பணத்துக்கான பத்தொன்பதாம் படிவத்தோடு, பென்ஷன் பங்குக்கான ‘டென் சி’யையும் போட்டுவிடுவார். பி.எஃப். பணத்தை எடுப்பது உங்கள் விருப்பம். டென் சி போட்டுப் பென்ஷன் பங்கை எடுத்தால் அதுவரையான சர்வீஸ் அழிந்துவிடும். மறுபடி வேலைக்குச் சேர்ந்தால் சுழியத்திலிருந்து எண்ண வேண்டும். ஐந்து, ஆறு ஆண்டாக மூன்று முறை எடுத்துவிட்டு, மொத்தம் 17 ஆண்டு உழைத்தும் பென்ஷன் இல்லாமல் நிற்பவர்கள் ஓசூர் திரும்பிகளில் நிறைய.

கணக்கைப் பாருங்கள். ஒன்பது ஆண்டு சர்வீஸை எடுத்துவிட்டால் கிடைப்பது ஏறத்தாழ ஒன்பது, பத்து மாதச் சம்பளம். உச்சவரம்புச் சம்பளத்தில் ஒன்றே கால் லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்குள். இன்னும் ஓர் ஆண்டு எங்காவது பி.எஃப். பிடிக்கும் இடத்தில் வேலை பார்த்துப் பத்தை முடித்தால், 58 வயதில் மாதம் 2,143 ரூபாய், சாகும்வரை. ஆறு ஆண்டில் அந்த ஒன்றரை லட்சம் திரும்பிவிடும், அதன் பிறகு வருவதெல்லாம் மேல்வரும்படி, உங்களுக்குப் பின் மனைவிக்கும் பங்கு உண்டு.

அதே டென் சி படிவத்தில் இன்னொரு தேர்வு இருக்கிறது: பணம் வேண்டாம், திட்டச் சான்றிதழ் கொடுங்கள் என்று கேட்கலாம். ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ என்று அலுவலகத்தில் சொல்வார்கள். இதுவரையான சர்வீஸ் அதில் பதிவாகும், அடுத்த கம்பெனியில் சேரும்போது கூட்டிக்கொள்ளலாம். 2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு, வேலை போன பிறகு பென்ஷன் பங்கை எடுக்க 2 மாதம் காத்திருந்தால் போதும் என்றிருந்ததை 36 மாதமாக்க முடிவெடுத்தது. கைக்காசு கிடைக்கவில்லையே என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த மூன்று ஆண்டுக்குள் பாதிப் பேராவது மறுபடி வேலைக்குப் போயிருப்பார்கள்.

எந்த வயதில்

பத்தாண்டுக்கு மேல் சர்வீஸ் இருக்கிறது, வேலையை விட்டு ஊருக்கு வந்தாயிற்று. இப்போது மூன்று வழி. 50 வயது முடிந்தால் குறைந்த பென்ஷனை உடனே வாங்கலாம். 58-ல் முழுப் பென்ஷன் வாங்கலாம். 60 வரை தள்ளிப்போட்டுச் சற்றுக் கூடுதலாக வாங்கலாம். 58-க்கு முன்னால் கேட்டால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். 2008 செப்டம்பர் வரை இந்தக் குறைப்பு 3 சதவீதமாக இருந்தது. 58-க்குப் பின் தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். முன்கூட்டிய பென்ஷனுக்கு வேலையை விட்டிருக்க வேண்டும். 58 ஆகிவிட்டால் வேலையில் இருந்துகொண்டே பென்ஷனும் வாங்கலாம்.

58-ல் 3,000 ரூபாய் வரக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். 55-லேயே கேட்டால் ஏறத்தாழ 2,650 வரும். மூன்று ஆண்டு முன்னதாக வாங்கியதில் கையில் சேர்வது 95,000 சொச்சம். அதற்கு விலையாக மாதம் 350 ரூபாயைச் சாகும்வரை விட்டுக்கொடுக்கிறார். 350-ஆக விட்டுக்கொடுத்து 95,000 தீர 22 ஆண்டுக்கு மேல் ஆகும். அதாவது 80 வயதைத் தாண்டி வாழ்ந்தால்தான் 58 வரை காத்திருந்தவர் முந்துகிறார். 50-லேயே கேட்டால் பென்ஷனில் கால் பங்குக்கும் மேல் போய், 2,000-க்கும் 2,200-க்கும் இடையில் நிற்கும். அங்கேயும் இரண்டு கணக்கும் சமமாக 75 வயதைத் தாண்ட வேண்டும்.

‘முன்கூட்டி எடுப்பது முட்டாள்தனம்’ என்று தொழிற்சங்கக் கூட்டத்தில் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அறுபதை எட்டிய ஓர் இந்தியர் அதன்பிறகு வாழ்வது சராசரியாக 18 ஆண்டு அளவே. போதாக்குறைக்கு இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படி இல்லை. 58-ல் நிர்ணயித்த 3,000 ரூபாய் 75-லும் அதே 3,000. ஆண்டுக்கு 5 சதவீதம் விலை ஏறினால் பதினான்கு, பதினைந்து ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். பிற்காலத்தில் வரும் கூடுதல் 350 ரூபாய் இன்றைய 350 ரூபாய் அல்ல.

அப்படியானால் ஐம்பதிலேயே வாங்கிவிடலாமா? கல்யாணமாகாதவர், மனைவி இல்லாதவர், நீண்டநாள் நோய் உள்ளவர், வேறு வருமானமே இல்லாமல் வட்டிக்கு வாங்கிச் சாப்பிடுபவர் தாராளமாக வாங்கலாம். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு ஆண்டுக்கு 4 சதவீதத்துக்காகக் காத்திருப்பதில் பொருளே இல்லை.

மற்றவர்களிடம் நான் 58 வரை பொறுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்குக் காரணம் உங்கள் ஆயுள் அல்ல, உங்கள் மனைவியின் ஆயுள்.

பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர் இறந்தால், அவர் வாங்கியதில் பாதி மனைவிக்குப் போகும். எந்தத் தொகையில் பாதி என்றால், இறக்கும் நாளில் அவர் வாங்கிக்கொண்டிருந்த, குறைக்கப்பட்ட தொகையில். நம் பக்கம் ஐந்து, பத்து வயது இளைய பெண்ணைக் கட்டுவதுதான் வழக்கம். பெண்கள் ஆண்களைவிடச் சில ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள் என்பதும் தெரிந்ததே. ஐம்பதில் நீங்கள் போடும் கையெழுத்தின் குறைப்பை, நீங்கள் போன பிறகு பத்து, பதினைந்து ஆண்டு அவர் சுமப்பார், அதுவும் பாதிப் பென்ஷனில். உங்கள் 75 வயதில் கணக்கை முடிக்காமல், அவருடைய 80 வயது வரை இழுத்துப் பாருங்கள். காத்திருப்பது அப்போது லாபமாக நிற்கும். படிவத்தை நிரப்பும் நாளில் கடைக்கு அவரையும் கூட்டிப்போவது நல்லது. பெரும்பாலான வீடுகளில் இந்த முடிவு அவருக்குத் தெரியாமலே எடுக்கப்படுகிறது.

‘58-க்கு முன்னால் நான் செத்துப்போனால் எல்லாம் வீண்தானே?’ என்ற பயம் பரவலாக உண்டு. வீண் இல்லை. பத்தாண்டு சர்வீஸும் திட்டச் சான்றிதழும் இருந்து, பென்ஷன் கேட்காமலே இறந்தவரின் மனைவிக்கும் விதவைப் பென்ஷன் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை ஆளுக்கு அதில் கால் பங்கும் கிடைக்கும். பயத்துக்காக முன்கூட்டி வாங்க வேண்டியதில்லை.

அறுபதுக்குத் தள்ளலாமா

இங்கே வேலையில் இருப்பவரையும் ஊரில் உட்கார்ந்திருப்பவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஊரில் இருப்பவருக்குத் தள்ளிப்போடுவது நஷ்டம். அதே 3,000 ரூபாய்க் கணக்கில், இரண்டு ஆண்டில் 72,000 ரூபாயை விட்டுவிட்டு, மாதம் ஏறத்தாழ 240 கூடுதலாக வாங்குவார். அதை மீட்க 25 ஆண்டு. 85 வயதில் அகவிலைப்படி இல்லாத 240 ரூபாய்க்கு ஒரு கிலோ புளிகூடக் கிடைக்குமோ என்னவோ.

58-க்குப் பிறகும் அதே கம்பெனியில் வேலை தொடர்ந்து, பென்ஷன் பங்களிப்பையும் தொடர ஒப்புக்கொண்டால் கணக்கு மாறும். இரண்டு ஆண்டு சர்வீஸ் சேர்வதால் பென்ஷனில் 430 ரூபாய் அளவு ஏறும், அதன்மேல் 4 சதவீத உயர்வும். 3,000-க்குப் பதில் 3,700-ஐ ஒட்டி வரும். ஆனால் தள்ளிப்போடாமல் இருந்தால் அந்த மாதம் 1,250 பென்ஷன் நிதிக்குப் போகாமல் உங்கள் பி.எஃப்.-இல் சேர்ந்திருக்கும், அதுவும் வட்டியோடு. இரண்டையும் கழித்துப் பார்த்தால் 72 வயதை ஒட்டிச் சமமாகிறது. உடம்பு நன்றாக இருந்து, மனைவியும் இளையவராக இருந்தால் யோசிக்கத் தகுந்த வழி.

அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளையோ யூடியூப் காணொளியோ ‘எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள்’ என்று சொல்லலாம். அங்கே அது சரி. அவர்களுடைய சோஷியல் செக்யூரிட்டியில் முழுப் பென்ஷன் வயதைத் தாண்டி 70 வரை காத்திருந்தால் ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டித் தருகிறார்கள், ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ற உயர்வும் உண்டு. இங்கே பாதி விகிதம், விலைவாசிப் படி சுத்தமாக இல்லை. அவர்கள் ஆலோசனையை நம் படிவத்தில் எழுதக் கூடாது.

நிதி காலியாகிவிடுமா

வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கு ஒருமுறையாவது சுற்றும் செய்தி இது. பயந்துபோய் அவசரமாகப் பென்ஷன் கேட்கும் ‘டென் டி’ படிவம் போட்டவர்கள் உண்டு. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

78 லட்சம் பேருக்கு மேல் இந்தத் திட்டத்தில் பென்ஷன் வாங்குகிறார்கள். நிதியின் எதிர்கால வரவையும் கடப்பாட்டையும் ஆண்டுதோறும் ஒரு காப்பீட்டுக் கணக்கியலாளர் மதிப்பிட வேண்டும் என்பது விதி. அந்த மதிப்பீடுகளில் பற்றாக்குறை தெரிந்திருக்கிறது என்பதும் உண்மை. பற்றாக்குறை என்றால் நாளைக் காலை பெட்டி காலி என்று பொருளில்லை. இப்போதைய வரவும் விதிகளும் இப்படியே போனால், கொடுப்பதாக ஒப்புக்கொண்டதில் ஒரு பகுதிக்குப் பணம் போதாது என்று பொருள். அமெரிக்காவிலும் இதே பேச்சுதான். 2033-ல் அங்கே முதியோர் நிதியின் கையிருப்பு தீரும், அதன் பிறகு வரும் வரியில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் மட்டுமே கொடுக்க முடியும் என்று அதன் அறங்காவலர்களே 2025 அறிக்கையில் எழுதினார்கள்.

பற்றாக்குறையை இங்கே எப்படிச் சமாளித்தார்கள் என்பதைப் பழைய வரலாற்றில் பார்க்கலாம். 2008 செப்டம்பரில் பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக முன்கூட்டி வாங்கும் வசதியை நிறுத்தினார்கள், குறைப்பை 3-லிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2014-ல் 12 மாதச் சராசரியை 60 மாதமாக்கினார்கள், 15,000-க்கு மேல் சம்பளம் உள்ள புதியவர்களுக்குத் திட்டத்தின் கதவையே சாத்தினார்கள். இரண்டு தடவையும் அடி விழுந்தது இனிமேல் வாங்கப்போகிறவர்கள்மேல். உயர் ஊதியப் பென்ஷன் வழக்கில் சிக்கியவர்களைத் தவிர, ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களின் தொகையில் கைவைக்கவில்லை. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4-ல் தீர்ப்புச் சொன்னது. உச்சவரம்புச் சம்பளத்தில் பங்களித்தவர்களுக்கு அது பொருந்தாது என்பதால் இங்கே விரிக்கவில்லை.

ஆகவே என் கணிப்பு இது. பென்ஷன் நின்றுபோவது நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. விதி இன்னும் இறுகலாம். விலைவாசி அரித்துக்கொண்டே போவது மட்டும் நிச்சயம். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். அதை 7,500 ஆக்கக் கோரிப் பென்ஷன்தாரர்கள் டெல்லி வரை போய்ப் போராடிவருகிறார்கள். இதை எழுதும்போதும் அந்த ஆயிரம் அசையவில்லை. பத்தாண்டு பங்களித்தவருக்கு 1,000, எதுவும் பங்களிக்க வழியில்லாதவருக்கு மாநில அரசு 2023 ஆகஸ்ட் முதல் 1,200. வேறு பென்ஷன் வாங்குபவருக்கு ஓ.ஏ.பி. கிடையாது என்பதால் இரண்டையும் சேர்த்து வாங்கவும் முடியாது. ஓ.ஏ.பி. திட்டம் 1962-ல் இங்கே தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். அதைச் சட்டமன்றத்தில் கேட்டு உயர்த்த வழியிருந்தது, பி.எஃப். பென்ஷனில் வாய்பாடு அப்படியே நிற்கிறது.

எனவே பென்ஷனை மட்டும் நம்பி முதுமைக்கணக்குப் போடாதீர்கள். பாஸ்புக்கின் முதல் பத்தியில் இருக்கும் உங்கள் சொந்த பி.எஃப். பணத்தை அறுபது வரை காப்பாற்றுவது, இந்த 4 சதவீத விவாதம் எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் தரும்.

விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

பிறந்த தேதிதான் முதல் வில்லங்கம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் கணக்காகப் போட்டுக்கொடுத்த ஜூன் மாதத் தேதி டி.சி.யில் ஒன்று, ஆதாரில் சொல்லிவைத்தது ஒன்று, கம்பெனியில் மேஸ்திரி எழுதியது ஒன்று. 58 எப்போது முடிகிறது என்பதே இதனால் மாறும். ஒன்றிரண்டு ஆண்டு வித்தியாசம் என்றால் பல ஆயிரம் ரூபாய். 2024 ஜனவரி முதல் பி.எஃப். அலுவலகம் பிறந்த தேதிக்கு ஆதாரைச் சான்றாக ஏற்பதில்லை. பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் போன்றவை வேண்டும். படித்த பள்ளிக்குப் போய்ச் சான்று கேட்டு வாங்கும் வேலையை 55 வயதிலேயே முடித்துவிடுங்கள். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது தாமதம்.

அடுத்தது பழைய நம்பர்கள். ஓர் ஆளின் எல்லா பி.எஃப். கணக்குக்கும் பொதுவான யூ.ஏ.என். வந்தது 2014-ல். அதற்கு முன் ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் ஒரு புது பி.எஃப். நம்பர் போட்டிருப்பார்கள். அவை எல்லாம் ஒரே யூ.ஏ.என்.-இல் சேர்ந்திருக்கின்றனவா என்று போர்ட்டலில் ‘சர்வீஸ் ஹிஸ்டரி’யில் பாருங்கள். விட்டுப்போன இரண்டு ஆண்டு, பத்தாண்டுக் கோட்டைத் தாண்ட வைக்கலாம். பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எதையும் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள்.

ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் வெளியேறிய தேதி ஏறியிருக்கிறதா என்பதும் முக்கியம். ஒப்பந்தக்காரர் போடாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் பதிவிடலாம். 58 முடிந்த பிறகும் வேலையில் இருப்பவர், கம்பெனி பென்ஷன் பங்கைத் தொடர்ந்து செலுத்துகிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். தள்ளிப்போடும் விருப்பம் எழுதிக்கொடுக்காமல் அப்படிச் செலுத்தியிருந்தால், அதைத் திருத்தும்வரை விண்ணப்பம் திரும்பித் திரும்பி வரும்.

பென்ஷன் கேட்கும் படிவம் ‘டென் டி’. யூ.ஏ.என். போர்ட்டலிலேயே போடலாம். ஆதார், வங்கிக் கணக்கு, பான் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் பின்னால் இருப்பதும் முன்னால் இருப்பதும்கூட நிராகரிக்கப் போதுமான காரணம். மனைவியோடு சேர்ந்து எடுத்த புகைப்படம் தேவை. 58 தாண்டி மறந்துவிட்டாலும் பயம் வேண்டாம், தள்ளிப்போடும் விருப்பம் கொடுக்காதவருக்கு 58-லிருந்து நிலுவை வரும். முன்கூட்டிய பென்ஷனுக்கு அப்படிப் பின்தேதி கிடையாது.

சிக்கல் ஏதும் இருந்தால் சேலத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி ‘நிதி ஆப்கே நிகட்’ என்ற பெயரில் மாவட்டந்தோறும் பி.எஃப். அலுவலகம் குறைதீர் முகாம் நடத்துகிறது, தர்மபுரி மாவட்டத்துக்கும் உண்டு. இடம் மாதத்துக்கு மாதம் மாறக்கூடும், முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். படிவம் போட்டுக்கொடுக்கும் கடையில் கட்டணம் கொடுங்கள், சதவீதம் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி. வரும் போனை அவர்களிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

பணம் வரத் தொடங்கிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ச்சான்று. இந்தப் பென்ஷனுக்கு நவம்பர் என்ற கட்டாயம் இல்லை, எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஓராண்டு செல்லும். கைரேகை தேய்ந்துபோனவர்கள் முகத்தைக் காட்டிச் செய்யும் செயலியைப் பயன்படுத்தலாம், தபால்காரரும் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுப்பார். 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் பென்ஷன் வாங்கலாம். ஓசூர் வங்கிக் கணக்கில்தான் விழும் என்று பஸ் செலவு பண்ணிக்கொண்டிருந்தவர்கள் பென்னாகரத்துக் கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பென்ஷன் உத்தரவு எண்ணான பி.பி.ஓ. நம்பரை வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி ரேஷன் கார்டோடு எழுதிவையுங்கள். கணவர் இறந்தால் மனைவி அதே டென் டி படிவத்தைத் தன் பெயரில் போட வேண்டும், தானாக மாறிவிடாது. இறப்புச் சான்றிதழும் ஆதாரில் அவருடைய பெயரும் சரியாக இருந்தால் வேலை சுலபம். பல வீடுகளில் மனைவியின் ஆதாரில் இன்னும் அப்பா பெயர்தான் இருக்கிறது, பி.எஃப். பதிவில் வேறு பெயர். பென்ஷன் வரத் தொடங்கியதும், இருவரும் உயிரோடு இருக்கும்போதே இ-சேவை மையத்தில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.